எட்டாவது துளையை அடைத்தவன் எழுதுவது

கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு மரவள்ளித் தோட்டத்தில் மூன்று நாட்களாக ஆழ்குழாய்க் கிணற்றின் மோட்டாரை மேலே இழுத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தோட்டத்தில் போன் எடுக்காது. நான்காம் நாள் காலை என் மோட்டார் சைக்கிளில் மலை இறங்கி, கச்சிராயபாளையத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது, சட்டைப் பையில் இருந்த போன் விடாமல் அதிர்ந்தது. ஆறு பேர் அழைத்திருந்தார்கள். தனபாக்கியம் அம்மாளின் மகள் கவிதாவிடமிருந்து ஒரு செய்தியும் இருந்தது. "அம்மா தவறிட்டாங்க மாமா. நாளைக்குக் காலைல எடுக்குறோம்." அது இரண்டு நாட்களுக்கு முன்பு அனுப்பியது. நான் அதைப் படித்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"இன்னா பெரியவரே, டீ ஆறிப் போவுது பாருங்க" என்றார் கடைக்காரர். ஆறிய டீயைக் குடித்துவிட்டுக் கள்ளக்குறிச்சிக்கு வண்டியை எடுத்தேன்.

தனபாக்கியம் அம்மாளைத் தெரிந்தவர்களுக்கு நான் அறிமுகம் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் போகும் சந்தில் இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக இசைக்கருவிக் கடை வைத்திருந்தவர். ஜால்ரா, டோலக், ஆர்மோனியம், பேண்டு செட்டுக்கான தோல், புல்லாங்குழல் எல்லாம் அங்கே கிடைக்கும். கணவர் போன பிறகு தனியாளாகக் கடையை நடத்தினார். அவருக்கு எந்தக் கருவியும் வாசிக்கத் தெரியாது. ஆனால் முதன்முதலில் குழல் வாங்க வருகிறவனுக்கு எந்தக் குழல் சரிப்படும் என்பதை இந்த மாவட்டத்தில் அவரைவிடத் தெரிந்தவர் இல்லை. இதை நான் விருப்பத்தோடு சொல்லவில்லை. ஒன்பது வருடம் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

பதினாறாம் நாளுக்காகப் போடும் இந்தச் சிறு புத்தகத்தில் மற்றவர்கள் அவருடைய நல்ல குணங்களை எழுதியிருப்பார்கள். என் வேலை வேறு. எங்கள் ஊரான வடக்கனந்தல் பக்கத்தில் அவர் கடையைப் பற்றி ஒன்பது வருடமாக ஒரு பேச்சு உண்டு: அந்த அம்மாள் வெடித்த குழலை விற்பவர் என்று. அந்தப் பேச்சைக் கிளப்பியவன் நான். அது பொய். அது எப்படிப் பொய் என்பதை, என்னை நம்பியவர்கள் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டக் கூலிக்குப் போனவர்கள். மோட்டார் வேலை பழக ஒரு பட்டறையில் சேர்ந்தேன். மோட்டாருக்குள் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டும் நேரம் வந்தால் முதலாளி என்னை டீ வாங்க அனுப்பிவிடுவார். ஒரு வருடம் டீ வாங்கினேன். பிறகு எரிந்துபோன மோட்டார் ஒன்றைப் பழைய இரும்புக் கடையில் வாங்கி வந்து, வீட்டில் பிரித்து, ஒவ்வொரு சுற்றாக எழுதி வைத்துக்கொண்டு நானே கட்டப் பழகினேன். அன்றிலிருந்து, சொல்லித்தர யாராவது வாயைத் திறந்தால் என் காது மூடிக்கொள்ளும். இது ஒரு குறைதான். ஆனால் இந்தக் குறையை எனக்குக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

குழல் ஆசை வந்ததும் வேலையால்தான். கிணற்றில் இறக்கும் முன் பைப்பு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, அதன் வாயைக் கீழுதட்டில் வைத்துக் குறுக்காக ஊதுவது என் வழக்கம். ஓசை தெளிவாக வந்தால் பைப்பு நல்லது. கரகரத்தால் எங்கோ விரிசல் இருக்கிறது. என் அறுபத்திரண்டாம் வயதில், எங்கள் தெருப் பஜனைக் கோயிலில் ஆர்மோனியம் வாசித்தவர் மகள் வீட்டோடு இருக்கச் சென்னைக்குப் போய்விட்டார். மார்கழிக்கு வாத்தியம் இல்லாமல் என்ன செய்வது என்று பேச்சு வந்தது. "மார்கழிக்கு நான் புல்லாங்குழல் வாசிக்கிறேன்" என்றேன்.

பஜனைக் குழுவின் தலைவர் கோவிந்தன் என் வயதுக்காரர், சொந்தமாக நெல்லும் கரும்பும் வைத்திருப்பவர். அவர் சிரித்தார். "ஏம்பா ஏழுமல, பைப்பு ஊதுறதும் கொழல் ஊதுறதும் ஒண்ணா?"

"ரெண்டும் ஓட்டதான?" என்றேன்.

"அறுவது தாண்டிப்போச்சி. மூச்சு பத்துமாப்பா?"

"ஆயிரம் அடி போருல பைப்பு எறக்குறவன் நான். மார்கழி மொத நாளு பாரு."

அது வைகாசி மாதம். ஏழு மாதம் இருந்தது. அங்கே இருந்த பத்துப் பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் மறுநாள் கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினேன்.

கடையில் குழல்கள் ஒரு பிளாஸ்டிக் பானையில் நின்றுகொண்டிருந்தன. காலண்டர் படத்தில் கண்ணன் கையில் இருக்குமே, அதே மாதிரி நீளமாக, கருத்து, சிவப்பு நூல் சுற்றி ஒன்று இருந்தது. அதை எடுத்து வாயில் வைக்கப் போனேன்.

"ஊதாதீங்கண்ணா" என்றார். ஆர்மோனியத்துக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. "மொதல்ல புடிங்க."

"ஊதாம கொழல எப்பிடிம்மா பாக்குறது?"

"ஊதுறது இன்னிக்கி வரலன்னா நாளைக்கி வரும். வெரலு நீளம் எப்பவும் வராது. புடிங்க. ஏழு வெரலையும் ஏழு ஓட்ட மேல வெச்சி நல்லா அமுத்துங்க. நூறு எண்ற வரைக்கும் எடுக்காதீங்க."

அப்படியே என்னை நிற்கவைத்துவிட்டு, பேண்டு செட்டுக்காரர் ஒருவருக்குத் தோல் அளந்துகொண்டிருந்தார். எனக்குப் பிறகு வந்தவர் அவர். அது எனக்கு இன்றும் வருத்தம்தான். திரும்பி வந்து, "கையத் திருப்புங்க" என்றார். என் விரல் நுனிகளை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். துளையை விரல் முழுதாக மூடியிருந்தால் சதையில் வளையம் முழுதாகப் பதிந்திருக்கும். சரியாக மூடாவிட்டால் பிறை மாதிரி பாதிதான் பதியும். இதுதான் அவருடைய முறை. இதற்கு அவர் கண்ணாடிகூடப் போடவில்லை.

"இடது கையி மூணும் நல்லா வந்துகினு இருக்குது. வலது கையில மோதர வெரலு பாதி, சுண்டு வெரலு கால்வாசி. இந்த மோதர வெரலு இன்னா ஆச்சி, தட்டையா இருக்குது?"

"பெல்ட்டுல மாட்டிச்சி. அதுக்கு இன்னா இப்ப?"

"அதுக்குத்தான் எல்லாமே. இந்தக் கொழலு உங்களுக்கு இல்லண்ணா. இப்ப இல்ல."

பிறகு மேசைக்கு அடியிலிருந்து இன்னொன்றை எடுத்து வைத்தார். சாம்பல் நிறம். நீளம் அதில் பாதிக்குக் கொஞ்சம் ஜாஸ்தி இருக்கும். ஐந்து கட்டைச் சுருதிக் குழல் என்றார். எடுத்துப் பார்த்தால் அது பைப்பு. தண்ணீர் வரும் அதே பிளாஸ்டிக் பைப்பு, துளை போட்டு வைத்திருந்தது.

"ஏம்மா, நாப்பது வருசமா பைப்போட பொழங்குறவன் கிட்ட பைப்பையே நீட்டுறியா?"

"அதனாலதான் நீட்டுறேன். உங்களுக்குத் தெரிஞ்ச சாமான்" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்று சொன்னார். பின்னால் பலரிடம் அவர் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். "இதுல தப்பு வந்தா அது உங்க தப்பு. மூங்கில்ல தப்பு வந்தா உங்க தப்பா, கொழலு தப்பான்னு உங்களுக்கே தெரியாது. கத்துக்கறப்ப அது தெரியணும்ணா."

"நீ வாசிப்பியா?"

"வாசிக்கத் தெரியாது."

"அப்புறம் இன்னாத்த வெச்சிம்மா பேசுற?"

"வாங்கினு போறவங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. திருப்பிக் குடுக்க வர்றவங்கதான் எனக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தாங்க."

இப்போது நினைத்தால் அது நான் மோட்டார் பழகிய அதே வழி. எரிந்ததை எடுத்து வைத்துப் பழகுவது. அன்று எனக்கு அது தெரியவில்லை. "அந்த நீளத்தக் குடும்மா" என்றேன். அவர் இரண்டாம் முறை தடுக்கவில்லை. தடுத்திருக்க வேண்டும். அவருக்குத் தெரிந்திருந்தும் விற்றது அவர் தவறு. அவரிடமே இதைச் சொல்லியிருக்கிறேன். இன்றும் சொல்வேன்.

செய்தித்தாளில் சுற்றிக் கொடுக்கும்போது, வெயிலில் வைக்காதீர்கள், வாரம் ஒரு தடவை உள்ளே எண்ணெய் தடவுங்கள் என்றார். "இன்னொண்ணுண்ணா, அந்தக் கடைசி ஓட்ட இருக்குதே" என்று தொடங்கினார். நான் அதற்குள் சந்தில் இறங்கிவிட்டேன்.

அந்தக் கடைசித் துளைதான் கதை. ஊதும் துளையை விட்டால் குழலில் துளைகள் எட்டு. பிடிப்பதற்கு வேண்டியவை ஏழு. எட்டாவது துளைக்கு எந்த விரலும் போகாது; அது சுருதிக்காகத் திறந்தே இருக்க வேண்டியது என்று எனக்கு அப்போது தெரியாது. நான் ஒரு மாதம் சுண்டு விரலை நீட்டி நீட்டிப் பார்த்தேன். பிறகு வேறு மாதிரி யோசித்தேன். யாரும் மூடாத துளை என்றால் அது லீக். நாற்பது வருடம் என் தொழிலில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. பைப்பு ஓட்டையை அடைக்கும் பசையை உருட்டி எட்டாவது துளையில் வைத்து அடைத்தேன். காய்ந்ததும் உப்புத் தாளால் தேய்த்து மழமழவென்று ஆக்கினேன். ஓசை கொஞ்சம் கனத்தது போல எனக்குத் தோன்றியது. குழல் செய்தவனே கவனிக்காமல் விட்டதை நான் சரிசெய்துவிட்டேன் என்று இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன்.

ஆடி மாதம் மலையில் வேலை அதிகம். குழலை வண்டியின் சாமான் பெட்டியில் ஸ்பேனர்களோடும் கிரீஸ் டப்பாவோடும் வைத்துக்கொண்டு ஏறினேன். காலையில் மேலே தூறலும் குளிரும். மதியம் கீழே இறங்கினால் தார் ரோட்டு வெயில். பெட்டிக்குப் பக்கத்தில் இன்ஜின் சூடு. மூன்றாம் வாரம் ஊதும் துளைக்குப் பக்கத்தில் முடி மாதிரி ஒரு விரிசல் தெரிந்தது. அதற்கும் என்னிடம் வைத்தியம் இருந்தது. ஹோஸ் பைப்புக்குப் போடும் இரும்பு கிளிப்புகள் இரண்டை மாட்டி ஸ்குரூ டிரைவரால் முறுக்கினேன். நன்றாக இறுகியது. இன்னும் அரைச் சுற்று முறுக்கினேன். ஒரு சின்னச் சத்தம். விரிசல் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடியது.

மறுநாள் டீக்கடையில் கோவிந்தன் கேட்டார். "எங்கப்பா உங் கொழலு? சத்தமே காணோம்."

"அந்தக் கள்ளக்குறிச்சி அம்மா வெடிச்ச கொழல வித்துட்டா" என்றேன்.

அந்த வார்த்தை வெளியே வரும்போதே பொய் என்று எனக்குத் தெரியும். வெளியே வந்த பிறகு அது எனக்கு வசதியாக இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்லப் பாதியை நானே நம்பினேன். அந்தப் புரட்டாசிக்குக் கோயிலுக்கு ஜால்ராவும் டோலக்கும் வாங்க வேண்டியிருந்தது. எப்போதும் பாக்கியம் கடையில்தான் வாங்குவார்கள். "வேணாம்பா, நம்ம ஏழுமலைக்கே இப்பிடிப் பண்ணிட்டாங்களே" என்று ஆத்தூருக்குப் போனார்கள். பக்கத்து ஊர்ப் பஜனைக் குழுக்களும் அதையே செய்தன. ஒரு வாயில் புறப்பட்டது இத்தனை கால்களில் நடக்கும் என்று நான் எண்ணவில்லை.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, பூசை முடிந்து கோயில் முன்னால் உட்கார்ந்திருந்தோம். தனபாக்கியம் அம்மாள் ஒரு மஞ்சள் பையோடு டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தார். சாமி கும்பிட்டார். எல்லாருக்கும் பொதுவாகக் கும்பிடு போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"கொழலு வெடிச்சிப் போச்சின்னு சொன்னாங்க. எடுத்துகினு வாங்கண்ணா, பாக்கலாம்."

பத்துப் பேர் இருக்கிறார்கள். வீட்டுக்குப் போய் எடுத்து வந்தேன். கிளிப்பைக் கழற்றியிருந்தேன். ஆனால் கிளிப்பு கடித்த தடம் இரண்டும் மூங்கிலில் வரிவரியாக இருந்தது. அவர் குழலை வாங்கினார். மூக்கருகே கொண்டுபோனார். கிரீஸ் வாடை அடித்திருக்கும். கட்டை விரலால் அந்த இரண்டு தடங்களையும் தடவினார். பிறகு மெதுவாகக் கடைசித் துளைக்கு வந்தார். நான் அடைத்துத் தேய்த்து வைத்திருந்த இடத்தில் நகத்தால் ஒரு தடவை கீறினார். அங்கேயே நிறுத்தினார்.

நான் தயாராக இருந்தேன். அவர் வாயைத் திறந்தால் என்ன பேச வேண்டும் என்று வரிசையாக வைத்திருந்தேன். நீ ஏன் விற்றாய், நீ ஏன் சரியாகச் சொல்லவில்லை, உனக்கு வாசிக்கத் தெரியுமா என்று.

"ஆமாங்க, வெடிச்சிருக்குது" என்றார் கோவிந்தனைப் பார்த்து. "மாத்திக் குடுக்கத்தான் வந்தேன்."

மஞ்சள் பையிலிருந்து அந்தச் சாம்பல் நிறப் பைப்புக் குழலை எடுத்து என் கையில் கொடுத்தார். வெடித்ததைப் பையில் போட்டுக்கொண்டார். கிளம்பும்போது என்னிடம் ஒன்று சொன்னார். "கடைசி ஓட்ட தொறந்தே இருக்கட்டும்ணா." அங்கே இருந்த பத்துப் பேருக்கும் அது குழல் விற்பவர் சொல்லும் சாதாரணக் குறிப்பு. அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்கு மட்டும் தெரியும்.

"பாத்தியா, ஒத்துக்கினாங்க" என்றார் கோவிந்தன், பஸ் போன பிறகு.

அவர் அங்கேயே உண்மையைச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சண்டை அன்றே முடிந்திருக்கும். சொல்லாமல் போனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கோபத்தில் அந்தப் பைப்பை எடுத்தேன். தினமும் காலையில் இரண்டு மணி நேரம். ஏழு வளையமும் முழுதாக விழும்வரை ஊதாமல் பிடித்தேன். அவர் சொன்னது சரியாக இருந்தது. தப்பு வந்தால் அது என் தப்பு என்று ஒவ்வொரு தடவையும் தெரிந்தது. குழல்மீது போடுவதற்கு வழியே இல்லை. அந்த மார்கழியில் ஒரே ஒரு பாட்டின் பல்லவியை மட்டும் வாசித்தேன். பாதிக்குமேல் காற்றுதான். கோவிந்தன், "மூச்சு பத்துதுப்பா, கொழலுதான் பத்தல" என்றார். அடுத்த மார்கழியில் முப்பது நாளும், தெருவைச் சுற்றி வரும் வரை, எல்லாப் பாட்டுக்கும் வாசித்தேன். யாரும் சிரிக்கவில்லை.

அந்தத் தை மாதம் கடைக்குப் போய்க் கேட்டேன். "அன்னிக்கி ஏம்மா சொல்லல?"

"எதண்ணா?"

"உனக்குத் தெரியும்."

அவர் ஜால்ராவுக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்தார். நிமிராமல் சொன்னார். "சொல்லியிருந்தா நீங்க ரோசப்பட்டு வாசிக்கறதையே உட்டுருப்பீங்க. நீங்க உட்டுட்டா நீங்க சொன்ன பேச்சுதான் ஊருல நிக்கும். நான் குடுத்த கொழல்ல நீங்க வாசிச்சிட்டா என் கடைக்கி அதவிட இன்னா வேணும்? வேற ஒண்ணும் இல்ல. என் பொழப்பத்தான் பாத்தேன்."

அதாவது, என்மேல் இரக்கப்பட்டு அல்ல. தன் கடையின் பெயரை என் மூச்சை நம்பி வைத்திருக்கிறார். இதைக் கேட்டபோது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. இரக்கம் என்றால் என்னால் தாங்கியிருக்க முடியாது.

பிறகு அவர் கேட்டார். "இப்ப நல்லா வாசிக்கிறீங்களாமே. கொழலு எங்க வாங்குனதுன்னு யாராவது கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"இன்னா சொன்னீங்க?"

"கள்ளக்குறிச்சின்னு சொன்னேன்."

கோத்த கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். "கள்ளக்குறிச்சில நாலு கட இருக்குதுண்ணா" என்றார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஏழு வருடத்தில் அவர் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. நானும் எடுக்கவில்லை. அவர் கேட்டு நான் செய்வதா என்று முதல் வருடம் இருந்தேன். இவ்வளவு நாள் கழித்து இப்போது போய்ச் சொன்னால் கோவிந்தன் என்ன சொல்வார் என்று பிறகு இருந்தேன். அப்படியே இருந்துவிட்டேன்.

ஆனால் கடைக்குப் போவதை நிறுத்தவில்லை. டவுனுக்குப் போகும்போதெல்லாம் பெஞ்சில் அரை மணி நேரம் உட்காருவேன். புதிதாக வருகிறவர்களை அவர் பிடிக்க வைப்பதைப் பார்ப்பேன். உளுந்தூர்பேட்டையிலிருந்து ஒரு லாரி டிரைவர் வந்தார். வழியில் வண்டி நிற்கும் நேரத்தில் ஊதுவதற்கு ஒரு குழல் வேண்டும் என்றார். உடையாமல் இருக்கட்டும், பிளாஸ்டிக்கே போதும் என்று அவரே கேட்டார். தனபாக்கியம் அம்மாள் அவர் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு மூங்கிலுதான்" என்று எடுத்துக் கொடுத்தார். அவர் போன பிறகு எனக்குத் தாங்கவில்லை.

"எனக்கு மட்டும் பைப்பு, அவனுக்கு மூங்கிலா?"

"அவருக்குக் கையி வேர்க்குது. பிளாஸ்டிக் வழுக்கிகினு போயிடும். உங்களுக்கு வேர்க்காதுண்ணா. கோவந்தான் வரும். அதுக்குப் பைப்புதான் தாங்கும்."

மகள் கவிதா உள்ளே நின்று சிரித்ததைக் கேட்டேன். கேட்காத மாதிரி இருந்தேன்.

ஒரு நாள் மட்டும், நான் கிளம்பும்போது, சந்தைப் பார்த்தபடி சொன்னார். "ரிஷிவந்தியத்துலேருந்து வர்றாங்க. மலையிலேருந்து எறங்கி வர்றாங்க. வடக்கனந்தல் பக்கந்தான் ஆளே வர்றதில்ல." குற்றம் சொல்லும் குரல் இல்லை. மழை இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னார். நான் வண்டியை உதைத்துக் கிளம்பினேன்.

இனி, கச்சிராயபாளையத்திலிருந்து நேராகக் கடைக்குப் போன அன்று நடந்தது. எப்போதும் வண்டியைச் சந்து முனையிலிருந்தே ஓட்டிக்கொண்டு வந்து கடை வாசலில் நிறுத்துவேன். என் வண்டிச் சத்தம் ஊருக்கே தெரியும். அன்று துக்க வீட்டுக்கு அந்தச் சத்தத்தோடு போக மனமில்லாமல், பேருந்து நிலையத்தில் நிறுத்திவிட்டு நடந்தேன். கடையும் வீடும் ஒன்றுதான். கவிதா வாசலில் நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயதுப் பெண். அழுது முடித்திருந்தாள். "வாங்க மாமா" என்று பெஞ்சில் உட்காரச் சொன்னாள்.

உட்கார்ந்து நிமிர்ந்தால், எதிரே சுவரில், ஆர்மோனியத்துக்கு மேலே ஓர் ஆணியில், சிவப்பு நூல் சுற்றிய நீளமான குழல் தொங்கியது. முனைக்கு முனை வெடித்திருந்தது. இரண்டு தடம். கடைசித் துளையில் சாம்பல் நிற அடைப்பு. அதில் ஒரு நகக் கீறல்.

நான் அதைப் பார்ப்பதைக் கவிதா பார்த்தாள். "அதுவா? அம்மா புதுசா கொழல் வாங்க வர்றவங்களுக்குக் காட்டும் மாமா. வண்டில வெச்சா இப்பிடி ஆவும், ஓட்டைய அடைச்சா இப்பிடி ஆவும், முறுக்குனா இப்பிடி ஆவும்னு. யாரோ ஒருத்தர் திருப்பிக் குடுத்ததாம். யாருன்னு கேட்டா மட்டும் சொல்லாது."

"இத்தன வருசத்துல நான் பாத்ததே இல்லியே" என்றேன்.

கவிதா கொஞ்சம் தயங்கினாள். "உங்க வண்டிச் சத்தம் சந்து முனைல கேட்டா அம்மா அதக் கழட்டி உள்ள வெச்சிரும். ஏம்மான்னு கேட்டா, ஆணி ஆடுதுடின்னு சொல்லும். நீங்க போனப்புறம் மறுபடியும் மாட்டும்."

அந்தச் சந்தில் காலை நேரத்தில் எவ்வளவு சத்தம் இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அதற்குள் என் வண்டியைத் தனியாகக் கேட்டு, எழுந்து போய்க் கழற்றியிருக்கிறார். ஏழு வருடமாக, நான் போன ஒவ்வொரு தடவையும்.

"அது என்னுது" என்றேன்.

எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். இங்கே எழுதியிருக்கும் வரிசையிலேயே சொன்னேன். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாகச் சொன்னதால் இரண்டு இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருந்தது. முடித்ததும் அவள் எழுந்து குழலைக் கழற்றப் போனாள். "எடுத்துகினு போறீங்களா மாமா?"

"வேணாம். அங்கியே இருக்கட்டும். ஒரு சீட்டுல எம் பேரு எழுதி அதுல கட்டு."

"எதுக்கு மாமா? அம்மாவே சொல்லல."

"உங்கம்மா சொல்லாதது அவங்க இஷ்டம். இது என்னுது. எழுதும்மா."

எழுதினாள். வடக்கனந்தல் ஏழுமலை, மோட்டார் மெக்கானிக் என்று. சிவப்பு நூலில் கட்டி மாட்டினாள். அதன் பிறகுதான், "இதையே எழுதிக் குடுங்க மாமா, அம்மா புத்தகத்துல போடலாம்" என்று கேட்டாள். அச்சுக்குப் போகும் முன் கோயில் முன்னால் உட்கார்ந்து கோவிந்தனுக்கு இதைப் படித்துக் காட்டினேன். அவர் தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப ஆத்தூருல வாங்குன டோலக்கு?" என்றார். "அது பாட்டுக்கு இருக்கட்டும். இந்தத் தடவ தோலு மாத்த பாக்கியம் கடைக்கிப் போவலாம்" என்றேன்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பவை கம்மி. அந்தப் பைப்புக் குழல் இருக்கிறது. ஒன்பது வருடத்தில் ஒரு கீறல்கூட இல்லை. காலையில் ஊதுமுன் ஏழு விரலையும் அழுத்தி, வளையம் முழுதாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் இருக்கிறது. தட்டையான அந்த மோதிர விரலில் இப்போதும் சில நாள் பிறைதான் விழுகிறது. அன்றைக்கு மறுபடியும் பிடிப்பேன். எட்டாவது துளை திறந்தே இருக்கிறது. அந்த நீளக் குழலை அவர் எனக்கு விற்றிருக்கக் கூடாது என்ற என் கருத்தும் அப்படியே இருக்கிறது.

இந்த மார்கழியிலும் யாராவது கேட்பார்கள். கள்ளக்குறிச்சியில் நான்கு கடைகள் இருக்கின்றன. என் குழல் தனபாக்கியம் அம்மாள் கடையில் வாங்கியது.